நாற்பது நிமிடம் கூடிப்போன முக்கோணம்

போன மாதம் திருச்சானூரில் எங்கள் தெருவை அளக்க சர்வே ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒரு பெண், ஒரு பையன். கையில் ஒரு கம்பு. கம்பின் தலையில் காளான் மாதிரி வெள்ளையாக ஒரு கருவி. மூலைக்கு மூலை அதை நிறுத்தி, கைக்கு அடக்கமான ஒரு பெட்டியைப் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டே இருந்தார்கள். மரத்தடிக்குப் போனால் மட்டும் செயற்கைக்கோள் கிடைக்காமல் அந்தக் காளான் கொஞ்சம் முரண்டு பிடித்தது. நானும் சர்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன்தான் என்று சொல்லி மோர் கொடுத்தேன். மோரைக் குடித்துக்கொண்டே அந்தப் பெண் கேட்டாள்:

"அப்பல்லாம் ஒரு கோணம் தெரியலைன்னா என்ன சார் பண்ணுவீங்க?"

"மத்த ரெண்டையும் கூட்டி நூத்தியெண்பதுல கழிப்போம்" என்றேன்.

"அவ்ளோதானா?" என்று சிரித்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டாள்.

அவ்வளவுதானாம். அந்தக் கழித்தலில் ஒரு கிணறும் ஒரு கழனியும் இரண்டு ராஜ்யமாகப் பிரிந்து போகப் பார்த்தன. அதைத் தடுத்தவர்களில் நானும் ஒருவன். அடக்கமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், எனக்கு அது வரவில்லை. தடுத்தவன் நான்தான்.

என் சொந்த ஊர் நகரி. தறி நெய்யும் வீடு. சித்தூரில் சர்வே பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நான் கிளம்பியபோது என் நைனா, அதாவது அப்பா, தறிக்குப் பாவு நூல் நீட்டிக்கொண்டே, "நூல எண்றவன் புள்ள, போயி கல்ல எண்ணப் போறியா?" என்றார். போனேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அளவுச் சங்கிலி இழுத்தோம், வெயிலில் கறுத்தோம், தெலுங்கில் திட்டு வாங்கித் தமிழில் முணுமுணுத்தோம். ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்து, எல்லை எது என்று இரண்டு பக்கமும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. நாங்கள் பயிற்சி முடித்து வெளியே வந்த நேரத்துக்கு வேலை எங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

என்னை சேஷய்யா என்கிற இன்ஸ்பெக்டரின் கீழே போட்டார்கள். தெலுங்குக்காரர். தமிழும் பேசுவார், ஆனால் அவருக்குக் கோபம் வந்தால் தெலுங்கும், ரொம்பக் கோபம் வந்தால் மௌனமும் வரும். கோணம் அளக்கிற தியோடலைட்டைத் தொடுவதற்கு முன்னால் கை கழுவுவார். கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். முக்காலியின் கால்களை ஒவ்வொன்றாக மிதித்து மண்ணில் இறக்குவார். தூக்குக்குண்டு ஆடி அடங்கி, கல்லின் மேல் வெட்டியிருக்கும் கூட்டல் குறிக்கு நேராக நிற்கும் வரை பேசமாட்டார். குடை பிடிப்பவன் குடையைச் சாய்த்துவிட்டால், கருவியின் ஒரு பக்கம் மட்டும் வெயிலில் சூடாகிவிடும் என்று பதறுவார். ஒரு கோணத்தை ஒரு தடவை பார்த்து எழுதினால் அவருக்கு அது கோணமே இல்லை. தொலைநோக்கியைக் குப்புறத் திருப்பி, முகம் மாற்றி, மறுபடி பார்க்க வேண்டும். இரண்டுக்கும் சராசரி எடுத்த பிறகுதான் பென்சிலைத் தொடலாம்.

ஒரு தடவை புத்தூருக்கு மேற்கே ஒரு பாறையிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்தேன். கருவிப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு விழுந்ததில் இடது முன்கை ஒடிந்தது. மேலேயிருந்து சேஷய்யா கேட்ட முதல் கேள்வி, "இன்ஸ்ட்ருமெண்ட் பாகுந்தா?" என்பது. நன்றாக இருக்கிறது சார் என்றேன். அப்புறம்தான் இறங்கி வந்து, என் கையைப் பார்த்துவிட்டு, தன் தோளில் என்னைத் தாங்கி, புத்தூரில் எலும்புக்கு மாவுக்கட்டுப் போடுகிற இடம் வரை கூட்டிப்போனார். கட்டு அவிழ்க்கும் வரை தினமும் எனக்குச் சோறு அவர் வீட்டிலிருந்து வந்தது. அந்த மனிதரை எனக்கு அன்றிலிருந்து ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் நேரில் போய் அளக்க வேண்டும். இரண்டை அளந்துவிட்டு மூன்றாவதைக் கழித்து எழுதுகிறவன் அவர் கண்ணில் திருடனுக்கு ஒரு படி மேல். கணக்குப்படி கழித்தால் வரும், அது யாருக்குத்தான் தெரியாது? ஆனால் மூன்றையும் அளந்து கூட்டினால்தான் பிழை வெளியே தெரியும். கழித்து எழுதினால் பிழை அந்த மூன்றாவது கோணத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும். "கொலிச்சினவாடே கெலிச்சினவாடு" என்பார். அளந்தவனே ஜெயித்தவன்.

இன்னொரு வேடிக்கை. மூன்றையும் அளந்து கூட்டும்போது சரியாக நூற்றெண்பது வந்துவிட்டால் அவர் முகம் சுருங்கும். "எந்தக் கல்யாணத்துல பாபு எலையும் ஆளும் சரியா இருந்திருக்கு?" என்பார். பத்து செகண்டோ இருபது செகண்டோ கூடக்குறைய வந்தால்தான் நம்புவார். ஒரு டிகிரிக்கு அறுபது நிமிடம், ஒரு நிமிடத்துக்கு அறுபது செகண்டு என்பதால், இருபது செகண்டு என்பது ஒரு தலைமுடி அளவு. மனிதக் கண்ணும் மனிதக் கையும் அவ்வளவு தவறத்தான் செய்யும் என்பது அவர் கட்சி.

இந்தக் கொள்கை உடைந்த நாளைத்தான் சொல்ல வந்தேன்.

திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போவது, சித்தூர் ஆந்திராவிலேயே நிற்பது என்று பெரியவர்கள் பேசி முடித்த பிறகு, அந்த முடிவைத் தரையில் கல்லாக நடுகிற வேலை எங்களுக்கு வந்தது. நகரிக்கும் சத்தியவேட்டுக்கும் நடுவில் ஒரு ஊர். பெயரை எழுதவில்லை, எழுதினால் இன்றைக்கும் அங்கிருந்து சண்டைக்கு ஆள் வருவார்கள். அங்கே மூன்று ஊர் எல்லைகள் கூடுகிற ஒரு முச்சந்திக் கல் இருந்தது. ராஜ்ய எல்லை அந்தக் கல்லைத் தொட்டுத்தான் போக வேண்டும். நாங்கள் ஆந்திரப் பக்கம். சென்னைப் பக்கத்திலிருந்து தணிகாசலம் என்று ஒரு சர்வேயர் வந்திருந்தார். என் வயதுதான். கணக்கில் புலி. பென்சில் எடுப்பதற்குள் விடை சொல்லிவிடுவார்.

கல் ஒரு வேப்பமரத்தடியில் நின்றது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி சுற்றியிருந்தார்கள். அந்த ஊருக்கு அது எல்லையம்மா.

அந்தக் கல்லிலிருந்து கோடு போட்டால், செங்கம்மா என்கிற பெண்ணின் நிலத்தை அது குறுக்கே வெட்டியது. புருஷன் இறந்த பிறகு ஒற்றை ஆளாகப் பயிர் செய்துகொண்டிருந்தவள். கோட்டுக்கு அந்தப் பக்கம் கிணறு, இந்தப் பக்கம் கழனி. கிணறு சென்னை ராஜ்யம், கேழ்வரகு நாற்று ஆந்திர ராஜ்யம். கையெழுத்தாகி முடிகிற வரைக்கும் அந்தக் கிணற்றுத் தண்ணீரை இந்தப் பக்கம் விடக்கூடாது என்று ரெவின்யூக்காரர் ஒருவர் வேறு சொல்லிவிட்டுப் போயிருந்தார். நாற்று தலை தொங்க ஆரம்பித்திருந்தது.

"அம்மா மின்ன இங்க இல்ல சார்" என்றாள் செங்கம்மா எங்களைப் பார்த்ததும். "அங்க மோட்டு மேல வெயில்ல கெடந்தா. எங்க கெணறும் கயினியும் ஒரே பக்கமாத்தான் இருந்துச்சி."

அன்று காலை இரண்டு பக்கத்து ரெவின்யூ அதிகாரிகளும் வந்துவிட்டார்கள். எங்கள் பக்கத்து அதிகாரி ஊராரைக் கூட்டி நிறுத்தி, "சர்வே கல்லை யாராவது இடம் மாத்தினீங்களா?" என்று அதட்டினார். எல்லோரும் ஒரே குரலாக, "இல்லீங்க, நாங்க கல்ல தொட்டதே இல்லீங்க" என்றார்கள். செங்கம்மா சொல்வது பொய் என்று ஆகிவிட்டது. தரையில் நிற்கிற கல்தான் முதல் சாட்சி, படம் அதற்கு அப்புறம் என்பது எங்கள் தொழிலில் சட்டம். சாயங்காலத்துக்குள் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று அதிகாரிகள் பேசிக்கொண்டார்கள்.

சேஷய்யா செருப்பைக் கழற்றிவிட்டு, வேப்பமரத்தடியில் போய்க் கும்பிட்டார். மரத்தை அண்ணாந்து பார்த்தார். ஊர்ப் பெரியவர் ஒருவரிடம், "அம்மாவுக்கு இங்க நெழலு நல்லா இருக்கு. மொதல்ல எண்டலயா இருந்தாங்க? பாவம்" என்றார். எண்ட என்றால் தெலுங்கில் வெயில்.

அவ்வளவுதான். எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். மழையே இல்லாத ஒரு வருஷம், அம்மா வெயிலில் காய்கிறாள், அதனால்தான் மழையில்லை என்று பூசாரிக்கு அருள் வந்து சொன்னதாம். மேளம் அடித்து, அம்மாவைப் பெயர்த்து, ஏரியில் குளிப்பாட்டி, வேப்பமர நிழலில் கொண்டுவந்து வைத்தார்களாம். மூன்றாம் நாள் மழை கொட்டியதாம்.

"கல்ல தொடலைன்னீங்களேய்யா" என்றார் எங்கள் அதிகாரி.

"கல்ல எங்க சார் தொட்டோம்? அம்மாவத்தான இட்டுக்கினு வந்தோம்" என்றார் பெரியவர். அவர் பொய் சொல்லவில்லை. சர்க்கார் நட்ட கல்லை அந்த ஊரில் யாரும் கல்லாகப் பார்த்ததே இல்லை.

சரி, பழைய இடம் எது? அதைக் கேட்டதும் மேட்டில் ஆளுக்கொரு பக்கம் கை காட்டினார்கள். நான்கு பேர் நான்கு இடம். மேடு முழுக்கக் காரைமுள் புதர். சென்னைப் பக்கத்து அதிகாரி, "கை காட்டுறதை வெச்சு ராஜ்ய எல்லை போட முடியாது" என்றார். அதில் நியாயம் இருந்தது.

சேஷய்யா சொன்னார்: "பழைய சர்வேகாரங்க முச்சந்திக் கல்லுக்குக் கீழ ஒரு கூடை அடுப்புக்கரி பொதச்சு வெப்பாங்க. கல்லு நடக்கும், கரி நடக்காது. அழுகவும் அழுகாது. கரி கெடச்சா அதுதான் எடம். ஒப்புக்குவீங்களா?" இரண்டு அதிகாரிகளும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் சாயங்காலத்துக்குள் என்றார்கள்.

எங்கே தோண்டுவது என்பதற்குப் பழைய படத்தில் ஒரு முக்கோணம் இருந்தது. ஒரு முனை, பக்கத்துக் குன்றின் உச்சியில் பாறையில் வெட்டிய குறி. இரண்டாவது முனை, ஏரியின் கலங்கல் மேல், அதாவது உபரித் தண்ணீர் வழிகிற கட்டுமானத்தின் மேல், பதித்த கல். மூன்றாவது முனைதான் காணாமல் போன எங்கள் கல். குன்றின் கோணம் அறுபத்தொரு டிகிரி பதினான்கு நிமிடம் என்று எழுதியிருந்தது. கல்லின் கோணம் நாற்பத்தேழு டிகிரி முப்பத்திரண்டு நிமிடம். கலங்கலின் கோணம் எழுதப்படவில்லை. அந்தக் காலத்தில் அளக்கும்போது ஏரி நிரம்பி வழிந்ததாம், கருவியை வைக்க முடியவில்லை என்று குறிப்பு.

குன்றும் கலங்கலும் அப்படியே இருந்தன. குன்றிலிருந்து ஒரு கோடு, கலங்கலிலிருந்து ஒரு கோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கரி இருக்க வேண்டும். கலங்கலின் கோணத்தைக் கழித்துத்தான் எடுக்க வேண்டும். வேறு வழி கிடையாது. சேஷய்யா வேண்டாவெறுப்பாகத் தலையாட்டினார். பிறகு, "ஒக்க ஷரத்து, ஒரே ஒரு கண்டிஷன். கரி கெடச்சதும் அது மேலயே கருவிய வெச்சு மூணாவது கோணத்த நான் நேர்ல பாப்பேன்" என்றார்.

நான் எங்கள் தியோடலைட்டோடு குன்றில் ஏறினேன். தணிகாசலம் அவருடைய கருவியோடு கலங்கலுக்குப் போனார். கலங்கலில் நிற்பவரே கலங்கலின் கோணத்தைக் கணக்குப் போட்டுக்கொள்வது என்று ஏற்பாடு. வழக்கமாக எந்தக் கணக்கையும் இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டு ஒத்துப் பார்ப்போம். அன்று சேஷய்யாவை அதிகாரிகள் இருவரும் பேச்சில் பிடித்து வைத்துக்கொண்டதால் அது நடக்கவில்லை. "கூட்டிப் பாத்துட்டேன் சார், சரியா நூத்தியெண்பது" என்று தணிகாசலம் கரையிலிருந்து கத்தினாராம். "கழிச்சு எழுதினா வராம எங்க போகும்?" என்று சேஷய்யா முணுமுணுத்தாராம். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

குன்றிலிருந்து நான் என் கோணத்தைத் திருப்பி, மேட்டின் மேல் கொடிக்கம்பு பிடித்தவனைக் கையசைத்து இடம் வலம் நகர்த்தி, என் கோட்டில் வரிசையாக முளை அடிக்க வைத்தேன். அந்தக் கோட்டின் மேலேயே அவன் முன்னே பின்னே நடக்க, தணிகாசலத்தின் கொடி ஓரிடத்தில் இறங்கியது. அங்கே தோண்டினார்கள். நான் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் காலத்துத் தொலைநோக்கியில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். தலைகீழாகவே மண்வெட்டிகள் ஏறி இறங்கின, தலைகீழாகவே கூட்டம் கூடியது, கொஞ்ச நேரத்தில் தலைகீழாகவே கலைந்தது.

இறங்கி வந்தேன். இடுப்பளவு குழி. செம்மண்ணும் கரையான் புற்றும்தான். ஒரு பொட்டுக் கரி இல்லை. செங்கம்மா குழி விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. காய்ந்த மண்ணை எடுத்து உள்ளங்கையில் நொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா அங்கதான் இருந்தா நைனா" என்றாள் என்னிடம். "நா கொமரியா வந்தப்போ பொங்க வெச்ச எடம். எனுக்கு மறக்குமா?"

எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, கோபமாக இருந்தது. என் கோடு சரி. முகம் மாற்றி இரண்டு தடவை பார்த்த கோடு. அதிகாரிகள் மர நிழலில் காகிதத்தை விரித்துவிட்டார்கள். தணிகாசலம் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். நான் நேராகக் கலங்கலுக்கு நடந்தேன்.

அவருடைய கருவி திருகு முடுக்கியபடியே, கோணம் மாறாமல் நின்றது. குனிந்து வெர்னியரை, கோணம் காட்டும் அளவுகோலை, படித்தேன். எழுபத்தொரு டிகிரி ஐம்பத்து நான்கு நிமிடம்.

நான் கழிக்கவில்லை. கூட்டினேன். அறுபத்தொன்று, நாற்பத்தேழு, எழுபத்தொன்று. நூற்றெழுபத்தொன்பது டிகிரி. பதினான்கு, முப்பத்திரண்டு, ஐம்பத்து நான்கு. நூறு நிமிடம்.

நூறு நிமிடம். பார்த்த மாத்திரத்தில் எவ்வளவு அழகான எண். அது நயா பைசா வந்த புதிது. அதுவரை அணாவில் கணக்குப் போட்டவர்கள் எல்லோரும் ராத்திரி பகலாக நூறு நூறாக நினைக்கப் பழகிக்கொண்டிருந்தோம். நூறு பைசா ஒரு ரூபாய். தணிகாசலம் மாதிரி வேகமாகக் கணக்குப் போடுகிறவருக்கு நூறு நிமிடமும் ஒரு டிகிரியாகிவிட்டது. நூற்றெண்பதிலிருந்து கழிக்கும்போதும் நூறாகக் கடன் வாங்கியிருக்கிறார், கூட்டிச் சரிபார்க்கும்போதும் நூறாகவே ஏற்றியிருக்கிறார். இரண்டு தடவையும் ஒரே தவறு, அதனால் இரண்டு தடவையும் சரி என்று வந்திருக்கிறது. நூறு நிமிடம் என்பது ஒரு டிகிரி நாற்பது நிமிடம். அந்த முக்கோணத்தின் மொத்தம் நூற்றெண்பது டிகிரி நாற்பது நிமிடம். அப்படி ஒரு முக்கோணம் எந்த ராஜ்யத்திலும் கிடையாது.

நான் ஓடினேன். கரையின் மேல் அப்படி ஓடியதை ஊரே வேடிக்கை பார்த்தது.

"கையெழுத்துப் போடாதீங்க சார். முக்கோணத்துல நாற்பது நிமிஷம் கூட இருக்கு" என்றேன்.

சென்னைப் பக்கத்து அதிகாரி பேனாவைக் கீழே வைக்காமல் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க நகரிக்காரர்தானே? அந்தம்மாவும் உங்க பேச்சுதான் பேசுது" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆந்திரப் பக்கத்தில் வேலை பார்க்கும் தமிழன் என்று இரண்டு பக்கமும் என்மேல் ஒரு கண் இருந்தது எனக்குத் தெரியும். பதில் சொல்ல வாயெடுத்தேன். சேஷய்யா முந்திக்கொண்டார்.

"கோணத்துக்கு பாஷ கெடையாது சார். அது அரவமும் இல்ல, தெலுகும் இல்ல. ரெண்டு பேரும் கணக்கப் போடட்டும்." தெலுங்கில் தமிழுக்கு அரவம் என்று பெயர்.

தணிகாசலம் வந்தார். அவரிடம் நான் எதையும் விளக்கவில்லை. மூன்று எண்ணையும் மண்ணில் குச்சியால் எழுதிக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். உதடு அசைந்தது. நூறு என்று வந்ததும் உதடு நின்றது. இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார்.

"அவர் சொல்றது சரி சார்" என்றார் தன் அதிகாரியிடம். "தப்பு என்னுது. டிகிரிய ரூபா மாதிரி சில்லறை மாத்திட்டேன். எழுபத்தொண்ணு பதினாலுதான். மறுபடி பாக்கணும்."

எதிர்ப் பக்கத்து ஆள் அதைச் சொன்னதுதான் காரியத்தை முடித்தது. நான் ஆயிரம் சொல்லியிருந்தாலும் அந்தப் பேனா கீழே போயிருக்காது. இன்றைக்கும் தணிகாசலத்தை நினைத்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது.

கோணத்தில் நாற்பது நிமிடம் என்பது கண்ணுக்கே தெரியாது. கலங்கலிலிருந்து முப்பது சங்கிலி, அதாவது இரண்டாயிரம் அடி தூரம் தள்ளிப் போனால் அது முப்பது அடியை விழுங்கிவிடும். என் கோட்டின் முளைகள் அப்படியே நின்றதால் நான் மறுபடி குன்றேற வேண்டியிருக்கவில்லை. தணிகாசலமும் நானும் கலங்கலில் ஒன்றாக உட்கார்ந்தோம். எழுபத்தொன்று பதினான்கு வைத்து முடுக்கினார். நான் படித்துப் பார்த்தேன். அவர் ஒரு தடவை, நான் ஒரு தடவை. கொடிக்கம்புக்காரன் முளைகளின் வரிசையிலேயே குன்றுப் பக்கமாகப் பின்னால் வந்தான். கொடிக்கம்பு தொலைநோக்கியின் குறுக்குக் கம்பியைத் தொட்டதும் இரண்டு பேரும் சேர்ந்தே கையை இறக்கினோம்.

கடப்பாரையைத் தணிகாசலமே வாங்கிக்கொண்டார். ஆட்கள் தடுத்தும் கொடுக்கவில்லை. முட்டளவு ஆழம் போனது, செம்மண். இன்னும் ஒரு சாண் போனது, செம்மண்தான். எங்கள் அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த குத்தில் கடப்பாரை நுனி மேலே வந்தபோது கறுப்பாக இருந்தது.

சேஷய்யா குழியில் இறங்கி மண்டியிட்டு, கையால் மண்ணை ஒதுக்கி, வாயால் ஊதினார். ஒரு கூடை அளவுக்குக் கரி, வட்டமாக, நேற்றுக் கொட்டிய மாதிரி. அதன் நடுவில் எல்லையம்மா நின்ற அச்சு பள்ளமாகத் தெரிந்தது. ஊர் மொத்தமும் குலவையிட்டது. நான் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. தணிகாசலத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தேன் என்று பிறகு சொன்னார்கள். இருக்கும். வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. என் கல்யாணத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். என் மனைவி இதைப் படிக்கமாட்டாள் என்ற தைரியத்தில்.

அங்கிருந்து கோடு பிடித்தால் அது செங்கம்மாவின் வரப்புக்கு வெளியே போனது. கிணறும் கழனியும் ஒன்றாக ஆந்திரப் பக்கம் விழுந்தன. அதிகாரிகள் படத்தைத் திருத்திக் கையெழுத்திட்டார்கள். தமிழ் பேசுகிற அம்மா ஆந்திராவில் மாட்டிக்கொண்டாளே என்று யாரோ வருத்தப்பட்டபோது அவள் சொன்னாள்: "எந்த ராஜ்யமா இருந்தா இன்னா? கெணறும் கயினியும் ஒண்ணா கீதா, அத்த சொல்லு."

எல்லையம்மாவை நாங்கள் தொடவில்லை. வேப்பமரத்தடியிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, கரியின் மேல் புதிதாக ஒரு கல்லை நட்டோம். நட்ட ஈரம் காய்வதற்குள் ஊர்ப் பெண்கள் மஞ்சளோடு வந்துவிட்டார்கள். "அம்மா, இது வெயில்லயே இருக்கட்டும்" என்று சேஷய்யா கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார்.

எல்லோரும் முடிந்தது என்று நினைத்தார்கள். சேஷய்யாவுக்கு முடியவில்லை. கை கழுவிவிட்டு வந்தார். கடிகாரத்தைக் கழற்றினார். புதுக் கல்லின் மேல் முக்காலியை நிறுத்தி, தூக்குக்குண்டு அடங்கும் வரை நின்றார். பிறகு, என்றும் இல்லாத வழக்கமாக, கருவியை விட்டு விலகி, "நுவ்வு சூடு" என்றார். நீ பார்.

குன்றின் குறியைப் பிடித்தேன். அங்கிருந்து கலங்கலுக்குத் திருப்பினேன். நடுவில் செங்கம்மா குறுக்கே வந்தாள், தலைகீழாக, கிணற்று ஏற்றத்தின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு எங்களையே பார்த்தபடி. தாண்டிப் போய்க் கலங்கலைப் பிடித்தேன். முகம் மாற்றி மறுபடி பார்த்தேன். சராசரி எடுத்தேன்.

"நாற்பத்தேழு டிகிரி, முப்பத்திரண்டு நிமிஷம், இருபது செகண்டு சார்."

"மொத்தம்?"

"நூத்தியெண்பதுக்கு மேல இருபது செகண்டு கூட."

அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. "அதி சாலு" என்றார். அது போதும்.

செங்கம்மா வரப்பில் நடந்து பக்கத்தில் வந்து நின்றாள். காலையிலிருந்து நாங்கள் எல்லோரும் நூற்றெண்பது நூற்றெண்பது என்று கத்திக்கொண்டிருந்ததை அவள் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறாள்.

"நைனா, அந்த நூத்தியெம்பது வந்துச்சா?"

"வந்துச்சுமா. இப்ப அளந்தே பாத்துட்டோம்."

"அப்ப நா தண்ணி கட்டப் போறேன்" என்று சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிணற்றைப் பார்க்க நடந்தாள்.